நாறாத பூ

ஜூலை 3

வந்து சேர்ந்தாயிற்று. மலேசியா, பேராக் மாநிலம். கிரிக் என்ற சிற்றூரைத் தாண்டி மலைப்பாதையில் போனால், காடு தொடங்கும் இடத்தில் ஆராய்ச்சி நிலையத்தின் மரவீடு. இனி மூன்று மாதம் இதுதான் எனக்கு வீடு.

முப்பத்தோரு வருடம் பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பொதிகையைத் தவிர வேறு மலை அறியாதவன். வெளிநாட்டு வாய்ப்பு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நழுவியது. இந்த அழைப்பு வந்தபோதும், ஓய்வுபெற்ற பிறகு எதற்கு அலைச்சல் என்றுதான் இருந்தேன். ரெஜினா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப வைத்தாள். கட்டிய மனைவியே ஊரைவிட்டுத் துரத்துகிறாளே என்றேன். "ஆமா. மூணு மாசம் நிம்மதியா டி.வி. பாப்பேம்லா" என்றாள்.

விமான நிலையத்துக்கு டாக்டர் லோகாம்பாள் வந்திருந்தார். இந்த நிலையத்தின் ஆய்வாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சித்தியவான் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவராம். பொதிகைத் தாவரங்களைப் பற்றி நான் எழுதிய தொகுதிகளைப் படித்துவிட்டு, அருளப்பன் சார்தான் வேண்டும் என்று கேட்டவர் அவர். வண்டியோட்டி மணியம், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். "சார் பசியாறிட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காலை உணவு உண்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' போடுகிறார்கள். எங்கள் ஊர் 'லா' வேறு, இவர்கள் 'லா' வேறு. நாலைந்து நாளில் பிடிபட்டுவிடும்.

மாடியில் மலையைப் பார்த்த அறை காலியாக இருக்கிறது. எனக்குக் கீழ் அறை கொடுத்திருக்கிறார்கள். மேலே வௌவால் தொல்லையாம்.

ஜூலை 5

ரஃப்ளீசியா இருக்கும் சரிவுக்குப் போனோம். இப்போது பூ இல்லை, மொட்டுகள் மட்டும்தான். முப்பது வருடமாகக் கரும்பலகையில் வரைந்த செடி. செடி என்பதே தவறு. இலை இல்லை, தண்டு இல்லை, வேர் இல்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் உடம்புக்குள் நூல்நூலாக ஒளிந்திருந்து, பூப்பதற்கு மட்டும் வெளியே வரும். உலகத்தில் இதைவிடப் பெரிய பூ கிடையாது. அழுகிய மாமிச நாற்றத்தைப் பரப்பி ஈக்களைக் கூப்பிடும். ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லும்போது வகுப்பில் பெண்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இன்று கொடியின் மேல் கருஞ்சிவப்பு முட்டைகோஸ் போல உட்கார்ந்திருந்த மொட்டைக் கையால் தொட்டேன். முழங்காலிட்டவன் எழுந்திருக்க நேரமாயிற்று. மணியம் கை கொடுத்தார்.

ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விரிந்தால்தான் எது எதுவென்று தெரியும். விரிந்த பூ ஒரு வாரம் தாங்காது. இரண்டும் ஒரே சமயத்தில் விரிந்து, ஈ ஒன்று இதிலிருந்து அதற்குப் போனால்தான் காய் பிடிக்கும். லோகாம்பாள் பல வருடமாக இந்தச் சரிவைப் பார்த்துவருகிறார். ஒரு காயைக்கூடக் கண்டதில்லை. மொட்டுகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

"இப்படியே போனா இந்தச் சரிவுல இதுதான் கடைசி சார்" என்றார்.

பொதிகையில் அற்றுப்போக இருந்த காசித்தும்பை வகைகளுக்குக் கையால் மகரந்தம் மாற்றி விதை எடுத்தவன் நான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டது.

சரிவு நெடுகக் கயிறு கட்டியிருக்கிறது. புதுக் கயிறு. மணியம் எனக்குப் பின்னால் ஒட்டியபடியே வருகிறார். மலேசியர்கள் எச்சரிக்கை மிகுந்தவர்கள்.

ஜூலை 10

காலுறைக்குள் அட்டைகள். உப்புத்தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். இந்த ஊரில் எதுவும் காய்வதில்லை.

மணியம் கிரிக் சந்தையிலிருந்து டுரியான் பழம் வாங்கி வந்தார். அதன் வாடைக்குப் பயந்து ஓட்டல்களில் உள்ளே விடமாட்டார்களாம். லோகாம்பாள் வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சிரித்தார். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் ஓடிப்போவார்களாம். நான் மூன்று சுளை சாப்பிட்டேன். வெண்ணெய் போல இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு வாடையும் இல்லை என்றேன்.

"சார் பெரிய ஆளுலா" என்றார் மணியம். லோகாம்பாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 15

கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'மோப்பம்'. எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும், பாதிச் செடிகளுக்குக் கண்ணே வேண்டாம் என்பது என் கட்சி. மாங்காய் வாடை வந்தால் இந்தக் குடும்பம், மிளகு வாடை வந்தால் அந்தக் குடும்பம்.

இங்கே அந்த வித்தை எடுபடவில்லை. காட்டு இஞ்சி, காட்டு இலவங்கம் எல்லாவற்றையும் கசக்கிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போல இருக்கின்றன. தினமும் பெய்யும் மழை இலையின் எண்ணெயைக் கழுவிவிடுகிறது போலும். இதைத் தனியாக ஆராயலாம்.

ஜூலை 16

மழை. செடிகளை அழுத்திவைத்த பலகைகளில் தாள் மாற்றினேன். ஈரத்தில் சட்டைப் பொத்தான்கள் ஊதிப்போய், துளையில் நுழையமாட்டேன் என்கின்றன.

ஜூலை 22

பூசைக்குப் போக முடியாத ஞாயிறு. ரெஜினா கூப்பிட்டாள்.

"படி இறங்கும்போது கம்பியப் புடிச்சுட்டு இறங்குதியளா?"

"இங்க படியே கெடையாது. கீழ் ரூம் கொடுத்திருக்காங்க."

"நல்லது. சாப்பாடு எப்படி?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இந்த ஊர் மசாலாவுக்கு மணமே இல்ல."

அந்தப் பக்கம் டி.வி.யின் சத்தம் நின்றது. பிறகு, "வேளைக்குச் சாப்பிடுங்க. தனியா காட்டுக்குள்ள போயிராதிய" என்றாள். சின்ன வயதிலிருந்தே பதற்றக்காரி.

மாதிரிச் செடிகளுக்கு நான் எழுதும் பெயர்ச்சீட்டுகளை இனிக் கணினியில் அடித்துக்கொள்ளலாம் என்று லோகாம்பாள் சொன்னார். என் எழுத்து படிக்க முடியாதபடி பொடியாக இருக்கிறதாம். தாளை மிச்சப்படுத்துகிறேன் என்றேன்.

ஜூலை 30

இரண்டாம் மொட்டு கறுத்துவிட்டது. தொட்டதும் உதிர்ந்தது. லோகாம்பாள் அதன் அடையாளத் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மீதி இருப்பவற்றில் நாலும் ஏழும்தான் பெரியவை.

ஆகஸ்ட் 9

நாலாம் மொட்டு விரிந்துவிட்டது!

ஈரச் செங்கல் நிறம், வெள்ளைத் திட்டுகள், ஐந்து தடித்த இதழ்கள். என் கையால் ஒரு முழத்துக்கும் மேல் அகலம். நடுவில் ஒரு கிண்ணம், அதற்குள் முட்கள் வைத்த வட்டத் தட்டு. லோகாம்பாள் சிறு கண்ணாடியைத் தட்டுக்கு அடியில் நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆண் பூ சார்" என்றார். நீல ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவரும் மணியமும் முகமூடி போட்டிருந்தார்கள். கிருமிக்குப் பயம் போல. நான் மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே கொண்டுபோனேன்.

வாடை இல்லை.

இன்னொரு முறை, ஆழ மூச்சிழுத்து. இல்லை. உலகமெல்லாம் நாறும் என்று எழுதிவைத்திருக்கும் பூ இந்தச் சரிவில் நாறவில்லை! அப்படியானால் இந்த ஈக்கள் எதைத் தேடி வருகின்றன? நிறத்தையா, சூட்டையா?

"வாடை: இல்லை என்று எழுதுங்க" என்றேன்.

லோகாம்பாள் பேனாவைப் பிடித்தபடி நின்றார். "இன்னொருத்தரையும் கேட்டு எழுதலாமே சார்."

"பழகின மூக்கு ஒண்ணு போதும்மா."

மணியம் புதரோரம் போய் வாந்தி எடுத்தார். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஆகஸ்ட் 10

பூவிலிருந்து மகரந்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தோம். தூளாக இல்லை, சளி போலக் கொழகொழவென்றிருக்கிறது. பெண் பூ வருகிறவரை கெடாமலிருக்க வேண்டும். இடுக்கி இரண்டு முறை நழுவியது. ஈரம்.

மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். 'வாடையற்ற ரஃப்ளீசியா.' பத்து வருடமாக இப்படி எழுதியதில்லை. ஆசிரியர்கள் இருவர்: அருளப்பன், லோகாம்பாள்.

ஆகஸ்ட் 12

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் லோகாம்பாள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இதுல என் பேரைப் போட முடியாது."

"ஏன்? அடிப்படை வேலை எல்லாம் உங்களோடதுதானே."

"அதுக்கில்ல சார்." அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அது நாறுது சார்."

புரியவில்லை.

"அந்தப் பூ நாறுது. ரொம்ப நாறுது. மூணு நாளா என் தலைமுடியிலிருந்து அந்த வாடை போகல. மணியம் அண்ணன் அதுக்குத்தான் வாந்தி எடுத்தாரு. மத்த ரஃப்ளீசியா மாதிரிதான் சார் இதுவும்."

எனக்குக் கோபம் வந்தது. இருவரும் சேர்ந்து கேலி செய்கிறார்களா என்று கேட்டேன். இப்போது எழுதவே வெட்கமான இரண்டொரு வார்த்தைகளும் சொன்னேன். அவர் அசையாமல் நின்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. சரி, சோதித்துவிடுவோம் என்றேன். ஒரு கருத்து சரியா தவறா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் இருப்பதை ஒவ்வொன்றாக மூக்கருகில் நீட்டச் சொன்னேன். முதலில் வைத்தது ஒன்றுமில்லாத கிண்ணம் என்றேன். காப்பித்தூள் என்றார். இரண்டாவதில் கண் எரிந்தது, அதனால் வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வெங்காயத்தின் வாடை வரவில்லை, எரிச்சல் மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகு சோப்பு, பட்டை, மண்ணெண்ணெய். எல்லாவற்றுக்கும் வெறும் காற்று.

கடைசியாக ஒன்று நீட்டினார். வெகுநேரம் முகர்ந்தேன். "தண்ணி" என்றேன்.

துண்டை அவிழ்த்தேன். அவர் கையில் பெலச்சான் கட்டி இருந்தது. இறாலை உப்பிட்டு அழுகவைத்து இங்கே குழம்புக்குப் போடுவது. வாசலில் மணியம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். நான் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 13

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14

காய்ந்த மாதிரிகளைக் கட்டிவைத்தேன். வேறு வேலை இல்லாததால் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் வீட்டில் பால் பொங்கிக் கருகியது. நான் பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். ரெஜினா மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "ஒங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். படிப்பு மும்முரம் என்றேன். அவள் அடுப்பைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது.

கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். பதிவுத்தாளில் 'வாடை: கடுமை. முகர்ந்தவர்: மணியம்' என்று எழுதச் சொன்னேன். மணியம், "என் பேரையா போடுறீங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

மூக்கு போனால் போகட்டும். சளி காரணமாகக்கூட இருக்கலாம். லோகாம்பாள் ஈப்போவில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்கிறார். மூக்கு டாக்டரா என்றேன். "நரம்பு டாக்டர் சார்" என்றார். மூக்குக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

ஈப்போ. டாக்டர் இளைஞர், சீனர், மென்மையாகப் பேசினார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டித் தட்டிப் பிரிக்கச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். தாழ்வாரத்தில் நடந்துகாட்டச் சொன்னார். "இரண்டு கையையும் வீசி நடங்கள்." வீசித்தானே நடக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடிக் கதவைக் காட்டினார். அதில் தெரிந்தவனின் வலது கை மட்டும் வீசிக்கொண்டிருந்தது. இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் வைத்தால் விரல்கள் எதையோ உருட்டுவதுபோல ஆடின.

"எவ்வளவு நாளாக?" என்று டாக்டர் கேட்டார். நான் யோசிப்பதற்குள் லோகாம்பாள் சொல்லிவிட்டார்: ஒரு வருடமாக இடது கை வீசுவதில்லை, தூக்கத்தில் கத்துகிறார், கையெழுத்து சிறுத்துவிட்டது.

டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார். அதை இன்று எழுதப்போவதில்லை. மோப்பம் போவதுதான் பலருக்கு அதன் முதல் அறிகுறியாம். மெதுவாகத்தான் போகும், மாத்திரை இருக்கிறது, ஊருக்குப் போய் நிதானமாகத் தொடங்கலாம் என்றார். "கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். வேலையில் இறங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்" என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

"நான் வந்து ரெண்டு மாசம் முடியல. ஒரு வருஷமான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

லோகாம்பாள் மணியத்தைப் பார்த்தார். மணியம் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

"அக்கா சொன்னாங்க சார்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்கா. நீங்க வர்றதுக்கு முன்னயே கூப்பிட்டாங்க."

கீழ் அறை. புதுக் கயிறு. முதுகுக்குப் பின்னால் மணியம். மாடியில் வௌவால் இல்லை என்று எனக்கு முதல் வாரமே தெரியும்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கூட வரவில்லை. அதற்கு நன்றி.

ஆகஸ்ட் 20

ரெஜினாவிடமிருந்து நான்கு அழைப்புகள். சிக்னல் இல்லை என்று செய்தி அனுப்பினேன். சிக்னல் இருந்தது.

ஆகஸ்ட் 22

அவளிடம் கேட்க ஆயிரம் வைத்திருக்கிறேன். எல்லாருமாகச் சேர்ந்து என்னைச் சின்னப்பிள்ளை போல நடத்தியிருக்கிறார்கள். நான் தேடிக் கண்டுபிடிக்கிறவன். என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று லோகாம்பாளிடம் கேட்டேன். "உங்க விருப்பம் சார்" என்றவர், கதவு வரை போய்த் திரும்பினார். "ஏழாவது மொட்டு இன்னிக்கு வெடிப்பு விட்டிருக்கு."

ஆகஸ்ட் 24

ஏழு விரிந்தது. பெண் பூ.

நேற்று முழுவதும் மழை. சரிவு சேறாகிக் கிடந்தது. லோகாம்பாள் தான் மட்டும் போய் வருவதாகச் சொன்னார். "எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க சார், செஞ்சிடுறேன்."

"நீங்க இதுக்கு முன்ன கையால மகரந்தம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ நானும் வாரேன்."

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அது யாருக்காகக் கட்டியது என்று தெரிந்த பிறகு பிடிப்பதில் வெட்கம் இல்லை. ஓரிடத்தில் கால் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. மணியம் பின்னாலிருந்து, "மெதுவா சார். பூ எங்கயும் ஓடாதுலா" என்றார்.

பூவுக்குப் பக்கத்தில் பலகை போட்டுக் குப்புறப் படுத்தேன். ஈக்களின் இரைச்சல். மற்ற இருவரும் முகமூடிக்கு மேல் துணியும் சுற்றியிருந்தார்கள். எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை செய்ய இந்த மலையிலேயே என் ஒருவனால்தான் முடியும். அதைச் சொன்னேன். லோகாம்பாள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்துவிட்டு, பிறகு சிரித்தார்.

தட்டின் அடி விளிம்பில் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம். தூரிகையை வாங்கும்போது கை ஆடியது. லோகாம்பாள் அதைப் பார்த்துவிட்டு விளக்கை இன்னும் அருகில் கொண்டுவந்தார். மூச்சை விட்டுக் கையைக் கிண்ணத்துக்குள் விட்டேன். தட்டைத் தாண்டி உள்ளே போகப் போக ஆட்டம் குறைந்தது. விளிம்பைத் தொட்டபோது கை நின்றுவிட்டது. பழைய கை. காசித்தும்பைக்கு வைத்த கை. லோகாம்பாள் கண்ணாடியையும் விளக்கையும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வலது... அங்கதான் சார்... தொட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முழுச் சுற்றும் முடிக்க வெகுநேரமாயிற்று. நான் மெதுவாகத்தான் செய்கிறேன். பூவுக்கு அவசரம் இல்லை.

எழுப்பி உட்காரவைத்தார்கள். கை மறுபடி ஆடத் தொடங்கியது. ஆடட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ரெஜினாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா போயிருப்பியளா?"

"எப்பலேருந்து தெரியும்?"

"பால் கருகுன அன்னைக்கே சந்தேகம். நீங்க நடக்கத போன்ல படம் புடிச்சு டாக்டர்ட்ட காமிச்சேன். அதுமாதிரிதான் தெரியுது, நேர்ல பாக்கணும்னாரு. மூணு மாசம் பிந்துனா கெட்டுருமான்னு கேட்டேன். கெடாதுன்னாரு. கேட்டுட்டுத்தான் அனுப்புனேன். சும்மா ஒண்ணும் அனுப்பல."

"எங்கிட்ட சொல்லிட்டு அனுப்பிருக்கலாம்லா."

"சொல்லிருந்தா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சுட்டு வீட்டுக்குள்ளயே கெடந்திருப்பிய. மொதத் தடவ ஒங்களுக்கு லண்டனுக்கு வந்துச்சு. எங்க அம்மைக்கு முடியாம போச்சு, போகல. அடுத்த தடவ நம்ம மக ஜெசிந்தாவுக்கு அரசுப் பரீட்சை. ரெண்டு தடவயும் நீங்க ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அது மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவ எது வந்தாலும் எடுத்து ஒளிச்சு வச்சுரணும்னு நெனச்சேன். தப்புன்னா தப்புதான்."

அது தப்பா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் உடம்பு, என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லியிருந்தால் இன்றைக்கு அந்தப் பலகையில் படுத்திருக்கமாட்டேன். இரண்டும் உண்மை. அவளிடமும் அப்படியே சொன்னேன்.

"தனியா இருந்து அழுதியா?"

"அழுதேன். டி.வி.யப் போட்டுட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்லா." மூக்கை உறிஞ்சினாள். "பூ என்னாச்சு?"

"முடிஞ்சுது."

"கை நடுங்குச்சா?"

"உள்ள போனதும் நின்னுட்டு."

செப்டம்பர் 3

பூ கறுத்துக் கூழாகிவிட்டது. அதன் நடுப்பகுதி மட்டும் சாயாமல் நிற்கிறது. காய் பிடிக்கவில்லை என்றால் அதுவும் அழுகிவிடும். தினமும் போய்ப் பார்க்கிறோம், தொடுவதில்லை.

செப்டம்பர் 19

லோகாம்பாள் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு சார்." மணியம் குனிந்து தானும் ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 28

நாளை கிளம்புகிறேன். காய் முற்ற இன்னும் பல மாதம் ஆகும். நான் பார்க்கப்போவதில்லை. லோகாம்பாள் பார்ப்பார்.

டாக்டர் சொன்ன பெயரை எழுதிவிடுகிறேன். பார்க்கின்சன் நோய். எழுதிய பிறகு அப்படியொன்றும் பெரிய எழுத்துகளாகத் தெரியவில்லை. என் கையெழுத்து அப்படி.

மணியம் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கப்போகிறார் என்று லோகாம்பாள் சொல்கிறார். அவருக்கு அழுகை சீக்கிரம் வருமாம்.

நவம்பர் 11, பாளையங்கோட்டை

மாத்திரை தொடங்கியதில் நடை இளகியிருக்கிறது. ரெஜினா பின்னாலேயே வருகிறாள். முன்னால் அல்லது பக்கத்தில் வா என்று சண்டை போட்டேன். இப்போது பக்கத்தில் வருகிறாள்.

இனி இந்த நாட்குறிப்பைக் கணினியில் அடிப்பேன். பேனாவால் எழுதியதை எனக்கே படிக்க முடியவில்லை.

ஏப்ரல் 27

காலையில் லோகாம்பாள் கூப்பிட்டார். பேச முடியாமல் விம்மினார். மணியத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன்.

"காய் சார்... போன வாரம் பழுத்துச்சு. இன்னிக்கு நல்லா படம் எடுத்து அனுப்பணும்னு வந்து பார்த்தேன். ராத்திரி ஏதோ வந்து தின்னுட்டுப் போயிருச்சு. பாதி இல்ல. இத்தனை வருஷத்துல கெடைச்ச ஒரே பழம். கூண்டு போட்டு வச்சிருக்கணும், நான் போடல. மன்னிச்சிடுங்க சார்."

"பல் தடம் இருக்கா?"

"இருக்கு."

"எந்த அளவு?"

"சின்னது. அணில் மாதிரி. இல்ல, காட்டு மூஞ்சூறோ என்னமோ."

"உள்ள விதை இருந்துச்சா?"

"ஆயிரக்கணக்குல. பழுப்பா, பொடி மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. "லோகாம்மா, அழாதீங்க. அது களவாணி இல்ல. வெதைக்க வந்த ஆளு. அது வாயிலயும் கால்லயும் ஒட்டிக்கிட்டு அந்தப் பொடி இந்நேரம் சரிவு பூரா போயிருக்கும். ஏதாவது ஒரு கொடியைக் கடிச்சு வச்சா போதும், அந்தக் காயம் வழியா வெதை உள்ள போயிரும். நம்ம ரெண்டு பேரும் செய்ய முடியாத வேலை அது. பழம் எதுக்குப் பழுக்கு? திங்கத்தானே!"

அந்தப் பக்கம் விம்மல் நின்றது. "அப்ப... ஜெயிச்சிட்டோமா சார்?"

"ஜெயிச்சாச்சு."

பின்னால் மணியம் யாரிடமோ சத்தமாக அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

என் சிரிப்பைக் கேட்டு, விழுந்துவிட்டேனோ என்று ரெஜினா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். மாவுக் கையோடு நின்று முழுவதும் கேட்டாள்.

"அப்போ நீங்க அவ்வளவு பாடுபட்டது ஒரு அணிலுக்கா?"

"ஆமா."

"நல்லா தின்னுட்டுப் போட்டும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அது மொளச்சுப் பூ விட எத்தன வருசம் ஆகும்?"

"யாருக்கும் சரியாத் தெரியாது. பத்து வருஷம்னு வச்சுக்கோ."

கண்ணை மேலே உருட்டிக் கணக்குப் போட்டாள். "பத்து வருசம்னா ஒங்களுக்கு எழுவது. எழுவது ஒரு வயசா? கம்பு ஊணிட்டு வந்துரலாம். ஆனா இந்தத் தடவ நானும் வருவேன். அந்த நாத்தம் எப்படித்தான் இருக்குன்னு ஒருத்தராவது மோந்து பாத்து ஒங்களுக்குச் சொல்லணும்லா. எனக்கு மொதல்ல ஒரு பாஸ்போர்ட்டு எடுத்துருங்க."

நாளை காலை அவளைப் புகைப்படம் எடுக்கக் கூட்டிப்போகிறேன். நீலச் சேலையா மஞ்சள் சேலையா என்று இப்போதே பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.